‘இயல்நிலை’ என்னும் பிழைப்பெயர்

மேனிலைப்பள்ளிக் கணக்குப் பொத்தகங்களிலும் கல்லூரிப் புள்ளியியற் பொத்தகங்களிலும் ‘இயல்நிலைப் பரவல்’ என்றொரு கலைச்சொல் நெடுநாளாக வழங்கி வருகின்றது. கவிழ்த்து வைத்த மணியைப் போன்ற வளைகோட்டிற்கு அப்பெயர். நடுவில் உயர்ந்து, இருமருங்கும் சரிந்து, வாற்புறத்தில் விரைந்து மெலிந்து போவது அக்கோடு. ஆங்கிலத்தில் அதற்கிருந்த பெயரை அப்படியே பெயர்த்து ‘இயல்நிலை’ என வைத்துக்கொண்டோம். சொல் தூய தமிழ்ச்சொல்லே. வடவெழுத்து ஒன்றும் அதிற் கலக்கவில்லை. ஆயினும் அது பிழைச்சொல் என்பதே என் துணிபு. ஒரு சொல் தூயதாக இருந்தால் மட்டும் போதாது. அது சுட்டும் பொருளை மறைக்காமலும் இருத்தல் வேண்டும். இச்சொல் மறைக்கின்றது. மீயகல் அலைப்பட்டை எனப்படும் கம்பியில்லாத் தொடர்பியலில், ஒரு கருவியின் அலையில் மற்றொரு கருவியின் அலை வந்து மோதும் குறுக்கீட்டைக் கணித்த வரலாற்றைப் பார்ப்பார்க்கு, அம்மறைப்பினால் விளையும் கேடு தெள்ளிதிற் புலனாகும்.

முதற்கண் பெயரின் பிறப்பைப் பார்ப்போம். ஆங்கிலத்தில் அப்பெயரைப் பரப்பியவருள் தலையாயவர் கார்ல் பியர்சன் என்னும் புள்ளியியலார். அவரே 1920-ஆம் ஆண்டு அப்பெயரிற் குறைகண்டு எழுதினார். அவ்வளைகோட்டை முதலிற் கண்டவர் இடாய்ச்சு நாட்டுக் காவுசா, பிரெஞ்சு நாட்டு இலாப்பிளாசா என்னும் வழக்கிற் சிக்காமல் தப்புதற்கு அப்பெயர் உதவிற்று என்றும், ஆனால் மற்றைப் பரவல்களெல்லாம் ஏதோ ஒருவகையில் இயல்பு திரிந்தவை என்று மக்களை நம்பவைக்கும் தீங்கு அதில் உண்டு என்றும் அவர் குறித்தார். (அவ்விருவர்க்கும் முன்னரே, 1733-இல், தெ முவாவிர் என்பார் அக்கோட்டைத் தொட்டுவிட்டார் என்பது வேறு கதை.) ஆக, இரு நாட்டார் பூசலை ஒதுக்கிவைக்கப் பயன்பட்ட ஒரு பெயர், பரப்பியவராலேயே குறைகூறப்பட்ட ஒரு பெயர், நம் பிள்ளைகள் நாவில் தமிழாக ஏறியிருக்கின்றது. ஆங்கிலச் சொல்லை மட்டுமா நாம் பெயர்த்தோம்? ஆங்கிலேயரே வேண்டாவென்ற ஒரு தப்பெண்ணத்தையும் சேர்த்தன்றோ பெயர்த்துக்கொண்டோம்!

மணிவளைகோடு பொய்யென்று யாம் கூறவில்லை. அதற்குரிய இடத்தில் அது மெய்யே. பலப்பல சிறு கூறுகள், ஒன்றையொன்று சாராதனவாய், அவற்றுள் எதுவும் தனித்து மேலோங்காததாய்க் கூடுமிடத்து, அவற்றின் கூட்டுத்தொகை மணிவடிவிலேயே பரவும். 1801-இற் காணப்பட்டுப் பின் கதிரவன் ஒளியில் மறைந்துபோன சீரெசு என்னும் சிறுகோள் எங்கே மீண்டும் தோன்றும் என்று கணித்துக் காட்டிய காவுசு, 1809-இல் வெளியிட்ட தம் நூலில், வானோக்குப் பிழைகளுக்கு இக்கோட்டையே பொருத்தினார். கருவிகளின் மின்கம்பியில் வெப்பத்தால் மின்னன்கள் தடுமாறி எழுப்பும் இரைச்சலும் இத்தகையதே. அதனை அளந்து காட்டிய சான்சனும் அதற்குக் கரணியம் கூறிய நைக்குவிசிட்டும் 1928-இல் எழுதினர். எண்ணிறந்த மின்னன்களுள் எந்த ஒன்றும் தலைவனாகிக் கூவுவதில்லை. ஆகலின் அங்கே மணிக்கோடு பொருந்துகின்றது. ‘எதுவும் தனித்து மேலோங்காததாய்’ என்று மேலே கூறிய கட்டுப்பாட்டை அன்பர்கள் நினைவில் இருத்துக. அனைத்தும் அதன்மேல்தான் நிற்கின்றது.

இனிக் கம்பியில்லாத் தொடர்பியலுக்கு வருவோம். இயல்பான வானொலி நிலையம் ஒவ்வொன்றும் தனக்கென ஒதுக்கிய குறுகிய அலைப்பட்டைக்குள், வரப்பிட்ட வயலுக்குள் உழுவான்போல், ஒழுங்காக நிற்கும். மீயகல் அலைப்பட்டை முறையோ வரப்புகளைப் பொருட்படுத்துவதில்லை. அது தொடர் அலையாகப் பேசாமல், மிகமிகக் குறுகிய துடிப்புகளாகப் பேசுவது. ஒரு துடிப்பு ஏறத்தாழ ஒரு நானோ நொடி, அஃதாவது ஒரு நொடியின் நூறு கோடியில் ஒரு பங்கே நிற்கும். காலத்தாற் குறுகியது அதிர்வெண்ணால் அகலும் என்பது பூரியே வழிவந்த கணக்குண்மை. எனவே அக்குறுந்துடிப்பு பல நூறு மெகா எர்ட்சு அகலத்திற்குப் பரந்து கிடக்கும். நம் இலக்கணத்தார் மாத்திரைக்குக் கண்ணிமைப்பையும் கைந்நொடியையும் அளவாக வைத்தனர். ஓர் இமைப்பு நொடியின் பத்திலொரு பங்கேனும் இருக்கும். அவ்விமைப்புக்குள் அத்தகைய துடிப்பு பத்துக் கோடி அடங்கும். ஒளி ஒரு நானோ நொடியிற் செல்லும் தொலைவு ஏறத்தாழ முப்பது நுண்கோல், அஃதாவது முப்பது சென்டிமீட்டர். ஆகவேதான் இத்துடிப்புகளைக் கொண்டு, ஒரு கருவி மற்றொரு கருவியினின்று எத்துணைத் தொலைவில் உள்ளதென்று ஒரு சாண் அளவுக்கும் குறைந்த பிழையோடு சொல்ல முடிகின்றது. 2019 முதல் சில கைப்பேசிகளிலும், பின்னர் மகிழுந்துத் திறவுகளிலும் இம்முறை புகுந்தது இதனாலேயே.

புதுமை என்று இதனைக் கொண்டாடுவார் பலர். உண்மையில் கம்பியில்லாத் தொடர்பு பிறந்ததே இப்படித்தான். எர்ட்சு 1887-88-இல் செய்துகாட்டியதும், மார்க்கோனி 1901-இல் அத்திலாந்திக்கைக் கடந்து விடுத்ததும் மின்பொறியால் எழுந்த அகன்ற அலைகளே. அக்காலத்தில் ஒரு கப்பலின் பொறியலை அண்டை அலைவாங்கிகள் அனைத்திலும் இடிபோல் விழும். 1912-ஆம் ஆண்டு ஏப்பிரல் 14-ஆம் நாள் இரவு நிகழ்ந்ததை எண்ணுக. தைத்தானிக்குக் கப்பலின் தந்தியாளர் பிலிப்சு, நெடுந்தொலைவிலிருந்த கேப்பு ரேசு நிலையத்தின் மெல்லிய குறிகைகளைச் செவி கூர்ந்து கேட்டுப் பயணிகளின் செய்திகளை மாற்றிக்கொண்டிருந்தார். அண்மையில், பனிப்பாறைகளிடையே நின்றுவிட்ட கலிபோர்னியன் என்னும் கப்பலின் தந்தியாளர் ஈவான்சு, தாங்கள் பனியால் சூழப்பட்டு நின்றதைத் தெரிவிக்க விசையை அழுத்தினார். அண்மைக் கப்பலின் அலை பிலிப்சின் செவியை அறைந்தது. குறுக்கிட வேண்டாவென்று அவர் சினந்து மறுமொழி விடுத்தார். ஈவான்சு சற்று நேரம் கேட்டிருந்துவிட்டு, இரவு 11.35 அளவில் கருவியை நிறுத்தி உறங்கச் சென்றார். 11.40-க்குத் தைத்தானிக்கு பனிப்பாறையில் மோதியது. ஏறத்தாழ ஆயிரத்து ஐந்நூறு உயிர் கடலில் மாய்ந்தது. அருகிலிருந்த கப்பலுக்கு அவர்தம் உதவிக் கூக்குரல் எட்டவில்லை. கேட்கும் செவி அங்கே அணைந்து கிடந்தது.

அவ்விரவு பிலிப்சின் செவியில் விழுந்தது பல கப்பல்களின் முணுமுணுப்பு அன்று என்பதைக் காண்க. ஒரே கப்பல், அண்மையில் நின்ற கப்பல், மற்றவற்றையெல்லாம் அமிழ்த்திவிட்டது. தொலைவிலுள்ள ஆயிரம் பேரின் பேச்சைவிடக் காதருகே கத்தும் ஒருவன் குரல் பெரிது. குறுக்கீட்டின் தன்மை அது. இரைச்சலின் தன்மை அதுவன்று.

பொறியலைகள் 1920-களில் மெல்ல ஒதுக்கப்பட்டன; 1927-இல் வாசிங்டனில் கூடிய பன்னாட்டு வானொலி மாநாடு அவற்றிற்குக் கடுந்தளை இட்டது. குறுந்துடிப்பு முறை கதுவீ ஆய்வாளரிடமும் படைத்துறையாரிடமும் அடங்கி வாழ்ந்தது. 1973-இல் இராசு என்னும் அமெரிக்கர் துடிப்புவழித் தொடர்புக்குக் காப்புரிமை பெற்றார். 1993-இல் தென்கலிபோர்னியப் பல்கலைக்கழகத்துச் சோல்ட்சு ஒரு வழி சொன்னார். ஒவ்வொருவரும் தமக்கெனக் கமுக்கமாய் வகுத்த தாளத்தில், காலக்கட்டங்களுக்குள் தாவித்தாவித் துடிப்பை விடுப்பாராயின், ஓரறையிற் பலர் ஒரே பட்டையில் ஒருங்கே பேசலாம் என்பது அவ்வழி. அவரும் வின் என்பாரும் 2000-இல் வெளியிட்ட ஆய்வுரையில் அவ்வழியைக் கணக்கால் நிறுவினர்.

பிறகு அரசின் இசைவு வேண்டும். அமெரிக்கக் கூட்டரசுத் தொடர்பியல் ஆணையம் 2002-ஆம் ஆண்டு பிப்பிரவரி 14-இல் அதனை வழங்கிற்று. 3.1 முதல் 10.6 கிகா எர்ட்சு வரை, பிறருக்கு ஏற்கெனவே ஒதுக்கிய பட்டைகளின் மேலேயே, துடிப்புகள் பரவலாம்; ஆனால் ஒரு மெகா எர்ட்சு அகலத்திற்கு 74 நானோ வாட்டுக்கு மேல் திறன் போகலாகாது. 7,500 மெகா எர்ட்சு முழுவதையும் ஒருவர் நிரப்பினாலும் மொத்தம் அரை மில்லிவாட்டைச் சற்றே தாண்டும். பழைய வகைக் கைப்பேசி ஒன்று உச்சத்தில் 2 வாட்டு வரை வீசியது. இது அதில் மூவாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. செயற்கைக்கோள் இடங்காட்டியின் பட்டையில் மட்டும் இதனினும் 2,500 மடங்கு குறைத்து வரம்பிட்டனர். 20,200 கிலோமீட்டர் உயரத்திலிருந்து வரும் இடங்காட்டிக் குறிகை நிலத்தை அடையும்போது, ஒரு வாட்டை ஒரு கோடியாற் பகுத்து வந்ததை மீண்டும் நூறு கோடியாற் பகுத்தால் வரும் அளவுக்கே மெலிந்திருக்கும். மெலிந்த குரலுக்கு வலிய வேலி வேண்டும் என்று அங்கே வழக்காடப் படைத்துறையும் வான்வழித்துறையும் இருந்தன. எல்லா மெலிந்த குரலுக்கும் அப்படி வழக்காடுவோர் வாய்ப்பதில்லை.

அவ்வழக்கின்போது அந்நாட்டு வணிகத்துறையைச் சார்ந்த தொலைத்தொடர்பு அமைப்பு 2001-இல் இடங்காட்டிகளைக் கொண்டு அளந்து பார்த்தது. ஒரே சராசரித் திறன். ஆனால் துடிப்புகளை விடுக்கும் அடர்த்தியையும் தாளத்தையும் மாற்றியபோது விளைவு மூவகையாய்ப் பிரிந்தது. துடிப்புகள் சீரான தாளத்தில் வரின் அவற்றின் ஆற்றல் கூரிய சில அதிர்வெண்களிற் குவிந்து பெருங்கேடு செய்தது. அடர்ந்தும் தாளம் சிதறியும் வரின் இரைச்சல் போல் நடந்தது. அருகி வரின் இடங்காட்டி ஓரளவு பொறுத்துக்கொண்டது. சராசரியை மட்டும் சொன்னால் மூன்றும் ஒன்றே. சராசரியால் உண்மை தெரியாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

ஆயினும், ஒரு பட்டையில் பலர் துடிப்பு விடுக்குங்கால் ஒருவர்க்கு மற்றவரால் நேரும் குறுக்கீட்டைக் கணிக்க, தொடக்கத்தில் எழுதியோர் மணிவளைகோட்டையே கையாண்டனர். பலர் உளர், ஆகவே கூட்டுத்தொகை ‘இயல்நிலை’ என்று கொண்டனர். கணக்கு எளிது, விடை ஒரே வரியிற் கிட்டும். இரண்டாயிரமாம் ஆண்டு ஆய்வுரையும் அவ்வழியே சென்றது. அவ்வறிஞரைக் குறை கூறுதல் நம் நோக்கமன்று. வழி திறப்போர் எளிய கருவியோடுதான் புறப்படுவர். பின் வந்தோர் பலர் ஆராயாமல் அதனையே பற்றிக்கொண்டதுதான் குறை.

எடுத்துக்காட்டாக ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒவ்வொருவரும் நூறு நானோ நொடிக்கு ஒரு துடிப்பு விடுக்கின்றனர் என்றும், துடிப்பின் நீளம் ஒரு நானோ நொடி என்றும் கொள்க. அப்போது வேறொருவன் துடிப்பு நம் துடிப்பின்மேல் விழும் நிகழ்தகவு ஏறத்தாழ நூற்றில் ஒன்று. அப்படிப்பட்டோர் பத்துப் பேர் உளரென்க. ஒருவருமே மோதாதிருக்கும் வாய்ப்பு நூற்றுக்குத் தொண்ணூறு. சரியாக ஒருவர் மோதும் வாய்ப்பு நூற்றுக்கு ஒன்பது. இருவரோ மேற்பட்டோரோ ஒருங்கே மோதுவது ஆயிரத்துக்கு நான்கே. இதில் ‘பலர் கூடிய கூட்டுத்தொகை’ எங்கே உளது? பெரும்பொழுது அமைதி, ஒரோவழி ஒரே ஒருவனின் முழு அடி. இதனைச் சராசரியாக்கி, எப்பொழுதும் சிறிது சிறிதாகத் தூறிக்கொண்டே இருக்கும் மழையென்று கணக்கெழுதினால், கோடையிடி விழும் ஊரைச் சாரல் ஊரென்று எழுதியதாகும்.

வாற்புறத்திற்றான் வேறுபாடு மிகக் கொடிது. மணிவளைகோட்டில் நடுவினின்று மூன்று திட்டவிலக்கத்திற்கு அப்பால் விழும் வாய்ப்பு ஏறத்தாழ 370-இல் ஒன்று. ஆறு திட்டவிலக்கத்திற்கு அப்பாலோ ஐம்பது கோடியில் ஒன்று. தொலைவை இரட்டித்தால் வாய்ப்பு மறைந்தே போகின்றது. தடித்த வாலுடைய பரவல்களில் அப்படியன்று. அவற்றுள் ஒருவகையில் தொலைவை இரட்டித்தால் வாய்ப்பு பாதியாகக் குறையும், அவ்வளவே. பொறிஞன் கேட்கும் வினா, ‘பத்து நூறாயிரம் எழுத்தனுப்பினால் எத்தனை கெடும்?’ என்பது. அவ்வினாவின் விடை வாலில் இருக்கின்றது, நடுவில் இல்லை. வாலை மெலிதாக வரைந்தவன், கெடும் எழுத்தின் எண்ணிக்கையைக் குறைத்தே காட்டுவான். கனடா நாட்டு ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஊ, பியூலியூ என்னும் இருவர் 2004-இல் குறுக்கீட்டை உள்ளவாறே கணித்து, மணிக்கோட்டுக் கணக்கோடு ஒப்பிட்டுக் காட்டினர். பேசுவோர் சிலராகவும் வெப்ப இரைச்சல் குறைந்தும் இருக்கும் நிலையில், அஃதாவது கருவி நன்கு இயங்குமென்று நாம் நம்பியிருக்கும் நிலையிற்றான், பழைய கணக்கு மிகவும் தவறியது.

இது தாளில் மட்டும் நிற்கும் பிழையன்று. அலைவாங்கியை வடிப்பவன் எதனை நம்பினானோ அதற்கேற்பவே வடிப்பான். ஓர் எழுத்தைப் பல துடிப்புகளால் அனுப்புவது வழக்கம். மணிக்கோட்டை நம்பியவன் அத்துடிப்புகளையெல்லாம் ஒரே மதிப்புடையனவாகக் கூட்டுவான். ஒன்றில் விழுந்த பெருமோதல் கூட்டுத்தொகை முழுவதையும் இழுத்துச் சாய்த்துவிடும். மோதல் அருகியும் கடுமையாயும் வரும் என்றறிந்தவனோ, அளவு மீறி எழுந்த துடிப்பைத் தறித்துவிட்டு எஞ்சியவற்றைக் கூட்டுவான். கருவி ஒன்றே; துடிப்பும் ஒன்றே; நம்பிக்கை வேறாகலின் ஒருவன் செய்தியை இழக்கின்றான், மற்றவன் பெறுகின்றான்.

இத்தகைய குறுக்கீட்டிற்கு உரிய ஒப்புரு புதிதாகத்தான் காணப்படல் வேண்டுமென்பதும் இல்லை. மிடில்டன் என்னும் அமெரிக்க அறிஞர் 1977-இலேயே, மாந்தர் செய்யும் கருவிகளாலும் இயற்கையாலும் எழும் தாக்குக் குறுக்கீட்டை வகைப்படுத்தி ஒப்புரு வகுத்திருந்தார். எத்தனை மூலங்கள் ஒருங்கே தாக்குகின்றன என்பதைத் தனித்தனியே எண்ணி, ஒவ்வொன்றுக்கும் ஒரு மணிக்கோடு வைத்து, அவற்றை வாய்ப்புக்கேற்பக் கலப்பது அவர் முறை. ஆக, ‘இயல்நிலை’யைக் கடந்த அறிவு கையில் இருந்தும் எடுப்பார் குறைவாயினர்.

மற்றொரு வழி விண்மீன்களிலிருந்து வந்தது. அதனைச் சற்று விரித்தே சொல்ல வேண்டும். 1919-இல் ஓல்ட்சுமார்க்கு என்னும் நார்வே நாட்டு இயற்பியலார் ஒரு வினா எழுப்பினார். மின்னேற்றம் பெற்ற துகள்கள் ஒரு வளியில் ஒழுங்கின்றிச் சிதறிக் கிடக்கின்றன. ஓரிடத்தில் அவையெல்லாம் சேர்ந்து உண்டாக்கும் மின்புலம் எப்படிப் பரவும்? விடை மணிக்கோடு அன்று. தடித்த வாலுடைய வேறொன்று. அண்மையிலுள்ள ஒரே துகள் மற்றவற்றை விஞ்சிவிடும் என்பதே கரணியம். 1942-43-இல் சுப்பிரமணியன் சந்திரசேகர், வான் நியூமான் என்பாரோடு சேர்ந்து, ஒழுங்கின்றிச் சிதறிய விண்மீன்கள் ஒன்றன்மேல் செலுத்தும் ஈர்ப்புக்கு அக்கணக்கை விரித்தெழுதினார். விண்மீன் இருக்குமிடத்தில் அலைபரப்பியை வையுங்கள், ஈர்ப்பு இருக்குமிடத்தில் அலைவீச்சை வையுங்கள், கணக்கு மாறுவதில்லை. 1992-இல் சூசா என்பார் கம்பியில்லா வலையங்களுக்கு இதனைப் பொருத்தினார். 2009-இல் வின், பிண்டோ, செப்பு மூவரும் விரிவாக எழுதிய குறுக்கீட்டுக் கொள்கையும், மீயகல் அலைப்பட்டை உட்பட, இவ்வடித்தளத்தின்மேல் நிற்பதே. பருவெளியில் விசை தொலைவின் இருபடிக்கேற்பக் குன்றின் வாலின் அடுக்கு மூன்றின்கீழ் இரண்டு, அஃதாவது ஒன்றரை. தரைப்பரப்பில் அலைவீச்சு தொலைவின் இருபடிக்கேற்பக் குன்றின் வாலின் அடுக்கு ஒன்று. மேலே ‘இரட்டித்தால் பாதி’ என்றது இதுவே. பரப்பின் அளவையைக் குன்றும் படியால் வகுத்தால் விடை வந்துவிடுகின்றது. எத்துணை எளிமை!

சந்திரசேகர் தமிழ் பேசும் குடியிற் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியிற் பயின்றவர். 1983-இல் நோபல் பரிசு பெற்றவர். அவர் எழுதியனவெல்லாம் ஆங்கிலம். அவர்தம் அன்னையார் சீதாலட்சுமி அம்மையாரோ, நார்வே நாட்டு இப்சனின் ‘பொம்மை வீடு’ நாடகத்தைத் தமிழிற் பெயர்த்தவர். அன்னை ஒரு நார்வேயரைத் தமிழுக்குக் கொணர்ந்தார். மகனார் மற்றொரு நார்வேயரின் கணக்கை வளர்த்து ஆங்கிலத்திற்கு ஈந்தார். இதற்காக அவரை நோவதில் பயனில்லை. ஓல்ட்சுமார்க்கே தம் ஆய்வை நார்வே மொழியில் எழுதாமல் இடாய்ச்சு மொழியில் எழுதினார். ஆராய்ச்சி எம்மொழியில் வெளிவரினும், அதனைத் தன் பிள்ளைகளுக்குத் தன் மொழியிற் கற்பிக்கும் கல்லூரி நார்வேயில் உண்டு. நம்மிடம் உண்டா என்பதே வினா. சந்திரசேகர் கணக்கு சென்னையில் இன்றளவும் ஆங்கில வகுப்பில்தான் வாழ்கின்றது.

தடித்த வால் ஒப்புருவிற்கும் மறுப்புண்டு. அதனை மறைத்தல் நேர்மையன்று. அக்கணக்கில் ஓர் அலைபரப்பி நம் வாங்கிக்கு எவ்வளவு அண்மையிலும் வரலாம், தொலைவு சுழியாகலாம் என்று கொள்கின்றனர். உண்மையில் இரு கருவிகள் ஒன்றினுள் ஒன்று புகுந்து நில்லா. அண்மைக்கு ஓர் எல்லை கட்டினால், வால் ஓரிடத்தில் மெலியத் தொடங்கும். எல்லையற்றதாய் நின்ற திட்டவிலக்கமும் எண்ணாகிவிடும். எனவே அருகே எவரும் வாரா வண்ணம் காத்த இடத்திற்கு மிடில்டன் வழியும், சந்தைத்தெருவுக்குச் சூசா வழியும் ஏற்றவை என்பது என் கருத்து. பேசுவோர் மிகப் பலராகி, அனைவரும் ஏறக்குறைய ஒரே தொலைவில் நின்றால், மணிக்கோடே பொருந்தும். எது எங்கே பொருந்தும் என்று கேட்பதே அறிவு. ஒன்றை ‘இயல்நிலை’ என்று பெயரிட்டபின் அக்கேள்வி எழுவதில்லை, அதுதான் குறையே.

இக்கேள்வி இன்று முன்னினும் கடுமையாகியிருக்கின்றது. 2020 ஏப்பிரலில் அதே அமெரிக்க ஆணையம் 5.925 முதல் 7.125 கிகா எர்ட்சு வரையுள்ள பட்டையை உரிமமற்ற வைபைக்கு, நம்மவர் ‘அருகலை’ எனப் பெயரிட்டதற்கு, திறந்துவிட்டது. மீயகல் கருவிகள் பெரிதும் கையாளும் பட்டையொன்றின் நடு 6.4896 கிகா எர்ட்சில், அஃதாவது அதனுள்ளேயே கிடக்கின்றது. வீட்டினுள் வைக்கும் அருகலைப் பெட்டிக்கு ஒரு மெகா எர்ட்சுக்கு விட்ட திறன், மீயகல் கருவிக்கு விட்டதைப்போல் நாற்பதாயிரம் மடங்குக்கு மேல். இப்போது குறுக்கிடுபவன் தன்னினத்தான் அல்லன். அருகே அமர்ந்த பேருருவன். அவனும் ஓயாமல் பேசுவதில்லை. செய்தி வரும்போது கத்துவான், பின் ஓய்வான். இவனுடைய கூச்சலைச் சராசரியாக்கி மணிக்கோட்டுக்குள் அடைத்துவிட்டுக் ‘கருவி நன்றே’ எனச் சான்று எழுதுவார் உளராயின், அவர் செய்த மகிழுந்துத் திறவு கதவருகே நின்று கண் விழிக்கும்.

இனிச் சொல்லுக்கு வருவோம். மணிவளைகோட்டிற்கு ‘மணிப்பரவல்’ என்றே பெயரிடுக. வடிவத்தைச் சொல்லும் பெயர் எவரையும் ஏமாற்றாது. இப்பரவல் இங்கே உண்டா என்று மாணவனைக் கேட்கத் தூண்டும். இரைச்சல், குறுக்கீடு இரண்டையும் ஒன்றாக்கி எழுதுவதை நிறுத்துக: பொருளின் வெப்பத்தால் எழுவது இரைச்சல், பிறர் அலையால் நேர்வது குறுக்கீடு. குறுக்கீட்டுள்ளும், பலர் கலந்து எவரும் மேலோங்காதது கலவைக் குறுக்கீடு. அருகி வந்து அறைவது தாக்குக் குறுக்கீடு. ஆங்கிலத்தில் அலையின் துடிப்பு எண்ணிக்கைக்கும், புள்ளியியலில் ஒரு மதிப்பு எத்தனைமுறை வருகின்றது என்பதற்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இடர்ப்படுகின்றனர். நம்மிடமோ முன்னதற்கு அதிர்வெண் என்றும் பின்னதற்கு நிகழ்வெண் என்றும் இரு சொல் உள. மீயகல் குறுக்கீட்டியலில் இரண்டும் ஒரே பக்கத்தில் வருவனவாகலின், தமிழில் எழுதுபவனுக்கு இது பெரும்பேறு. தமிழில் இயலாது என்பார் இவ்வொன்றையேனும் எண்ணிப் பார்ப்பாராக.

நம் பக்கத்தாரிடமும் ஒன்று கூற வேண்டியுள்ளது. சொல்லாக்கம் என்பது ஆங்கில அகரமுதலியை இடப்புறம் வைத்துக்கொண்டு வலப்புறம் வேர்ச்சொல் தேடுவதன்று. பொருள் இயங்கும் முறையை முதலில் உணர்தல் வேண்டும், பெயர் பிறகு. வேர் தூயதாய் இருந்தும் பொருள் பொய்யாய் முடிந்த சொற்கள், வடசொற் கலப்பினும் கெடுதல் செய்யும். கலப்பைக் கண் கண்டுவிடும், இதனைக் காணாது. பாவாணர் வழியிற் சொல்லாய்வோர், கணக்குக் கற்பிப்பார் ஒருவரையும் பொறியியல் பயின்றார் ஒருவரையும் அருகே இருத்திக்கொண்டே கலைச்சொல் ஆக்குதல் நன்று.

2010-ஆம் ஆண்டு அண்ணா பல்கலைக்கழகத்தில் கட்டடப் பொறியியலும் எந்திரப் பொறியியலும் தமிழிற் கற்பிக்கத் தொடங்கினர். மின்னணுத் தொடர்பியல் அதில் இடம்பெறவில்லை. கட்டடத்தைத் தமிழில் எழுப்பலாம், அலையைத் தமிழில் எண்ணவியலாது என்று கருதினர் போலும்! மேலே எழுதியவற்றுள் எந்த வரி தமிழுக்கு அடங்காமல் நின்றது என்று அவர்கள் காட்டட்டும். மணிப்பரவல், கலவைக் குறுக்கீடு, தாக்குக் குறுக்கீடு, தடித்த வால், ஒப்புரு என்னும் இவற்றுள் பொருந்தாதன உளவென்று கருதும் அன்பர்களும், கரணியங் காட்டி ஆசிரியர்க்கு எழுதுக. பள்ளிப் பொத்தகக் குழுவிற் பணியாற்றும் நம் அன்பர்கள், அடுத்த பதிப்பில் ‘இயல்நிலை’யை நீக்கி ‘மணிப்பரவல்’ எனத் திருத்துதற்குக் குழுவின்முன் முறையாக எழுதிக்கொடுப்பாராக.